பனிவெளிக்கு ஓர் அளவுகோல்

சாலை வேண்டாத ஊர்தி

சாலையில் செல்லும் ஊர்திக்குச் சாலையே முதல் விதியாக அமைகிறது. எங்கே செல்லலாம், எங்கே செல்லக் கூடாது என்பதை அந்தத் தார்ச்சாலை சொல்லாமலே சொல்லிவிடுகிறது. விளைநிலத்துக்குள்ளும் பிறர் வீட்டு முற்றத்துக்குள்ளும் பேருந்து நுழையாமல் இருப்பதற்கு ஓட்டுநரின் நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. அங்கே சாலை இல்லை என்பதும் காரணமாகும். சாலையே வேண்டாத ஊர்தி ஒன்று வந்துவிட்டால், அந்த முதல் விதி மறைந்துபோகிறது. அதன் இடத்தில் வேறொரு விதியை மனிதர்களே கூடி வகுக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய ஊர்திகள் இரண்டு. ஒன்று, ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தி. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்புறம் எந்திரத்தால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டையும் கொண்ட இது, ஆளுயரப் பனியின் மீதும் புதையாமல் விரையும். மற்றொன்று, ஏ.டி.வி. எனப்படும் எந்நிலத்திலும் செல்லும் ஊர்தி. அகன்று பருத்த நான்கு சக்கரங்களும் மோட்டார் சைக்கிளைப் போன்ற இருக்கையும் கைப்பிடியும் உடைய இது, சேற்றிலும் மணலிலும் கற்குவியலிலும் ஏறி இறங்கும். கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், நார்வே, சுவீடன், பின்லாந்து முதலிய குளிர்நாடுகளில் இவ்வூர்திகள் எங்கே, எப்போது, எவ்வாறு ஓடலாம் என்பது பல்லாண்டுகளாக வழக்கு மன்றங்களிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது. அந்த விவாதம் குளிர்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. பொதுவான ஓரிடத்தில் புதிய கருவி ஒன்று நுழையும்போது சமுதாயம் எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

தேவையில் பிறந்த கருவி

பனியூர்தியின் வரலாறு துயரத்தோடு பிணைந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியர். பதினைந்து வயதிலேயே பழைய கார் எந்திரம் ஒன்றைச் சறுக்கு வண்டியில் பொருத்திப் பனிமீது ஓட்டிக் காட்டியவர் அவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன், வயிற்றில் ஏற்பட்ட கடும் அழற்சியால் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. அதன் பின்னரும் தொடர்ந்து முயன்ற பொம்பார்டியர், பல்சக்கரத்தால் சுழலும் பட்டை அமைப்பை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் செய்த ஏழுபேர் அமரும் ஊர்திகள் மருத்துவர்களையும் அஞ்சலையும் பள்ளிக் குழந்தைகளையும் பனிக்குள் சுமந்து சென்றன.

1959இல் அவருடைய நிறுவனம் ஓரிருவர் மட்டும் ஏறிச்செல்லும் சிறிய பனியூர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை குறைந்தது, எடை குறைந்தது, விரைவு கூடியது. தொலைதூரப் பனிநிலத்தில் தொழில் செய்வோருக்குப் பயன்பட்ட அது, விரைவிலேயே பல்லாயிரவரின் குளிர்கால விளையாட்டாகவும் மாறியது.

அதே காலத்தில் பின்லாந்தின் வடகோடியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களிடமும் பனியூர்தி வந்துசேர்ந்தது. பனிமான் மந்தைகளை மேய்த்து வாழ்ந்த அவர்கள், அதுவரை பனிமான் பூட்டிய சறுக்கு வண்டிகளிலேயே சென்று வந்தனர். 1960களில் சில ஆண்டுகளுக்குள் அவ்வண்டிகளின் இடத்தைப் பனியூர்தி பிடித்துக்கொண்டது. மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோ இம்மாற்றத்தை ஆராய்ந்து 1973இல் நூலாக வெளியிட்டார். நாள் முழுதும் நீண்ட பயணம் சில மணிநேரமாகச் சுருங்கியது. ஆயினும் ஊர்தி வாங்கவும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் பணம் வேண்டியிருந்தது. பணம் இருந்தவர் மேய்ச்சலில் நிலைத்தனர். இல்லாதவர் பலர் அத்தொழிலை விட்டு விலகினர். உயிர்காக்கும் கருவி, வாழ்வைக் குலைக்கவும் செய்யும் என்பதற்கு இது சான்று. ஆகவே பனியூர்தி நல்லதா, தீயதா என்று கேட்பதால் பயனில்லை. யார், எதற்காக, எங்கே, எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று கேட்பதே பயன்தரும்.

பனிக்கு அடியிலும் உயிர் உண்டு

வெண்பனி மூடிய நிலம் வெறும் நிலமாகத் தோன்றும். அங்கே ஊர்தி ஓடினால் யாருக்கு என்ன இழப்பு என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. நெகிழ்வான பனி ஒரு கம்பளியைப் போலத் தரையின் வெப்பத்தைக் காக்கிறது. அதற்கும் தரைக்கும் இடையேயுள்ள சிறு வெளியில் வயலெலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஊர்தி ஏறி இறங்கிய பனி இறுகிக் கட்டியாகிறது. கம்பளியின் தன்மை குறைகிறது. கீழே குளிர் இறங்குகிறது. பெரிய விலங்குகளின் நிலையும் எளிதன்று. கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டே அவை வசந்தம்வரை உயிர்வாழ்கின்றன. அச்சுற்று ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது.

எந்நிலத்திலும் செல்லும் ஊர்தியின் இடர் வேறு வகையானது. ஈரம் மிகுந்த சதுப்பு நிலத்தில் அதன் சக்கரம் ஒருமுறை பதித்த தடம் ஆண்டுகள் பல கடந்தும் மறையாமல் நிற்கும். மழைநீர் அத்தடத்தின் வழியே ஓடி மண்ணை அரித்துச் செல்லும். ஓட்டுபவரையும் அது விட்டுவைக்கவில்லை. 1970இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர ஊர்தியும், பின்னர் பிற நிறுவனங்கள் செய்தவையும் எளிதில் கவிழ்ந்தன. காயமுற்றோரிலும் இறந்தோரிலும் சிறுவர் பலர் இருந்தனர். 1988இல் அமெரிக்க அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே நீதிமன்றத்தின் வழியாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மூன்று சக்கர ஊர்திகளின் விற்பனை நின்றது. பதினாறு வயது நிரம்பாதவருக்குப் பெரியவர்களுக்கான ஊர்தி உகந்ததன்று என்பது வலியுறுத்தப்பட்டது.

இத்தகைய இடர்களைக் கண்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன், 1972 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். கூட்டாட்சி அரசின் பொதுநிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் ஊர்திகளுக்குத் தனிப் பகுதிகளும் தடங்களும் வரையறுக்கப்பட வேண்டும். அவ்வாறு வரையறுக்கும்போது மண், நீர்ப்பிடிப்பு, தாவரம், வனவிலங்கு ஆகியவற்றுக்கு நேரும் கேட்டையும், அந்நிலத்தைப் பயன்படுத்தும் பிறரோடு எழும் பிணக்கையும் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கை தெளிவாக இருந்தது. அதை ஓரிடத்தில் நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை யெல்லோஸ்டோன் காட்டியது.

யெல்லோஸ்டோன் கற்ற பாடம்

1872இல் நிறுவப்பட்ட யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படுவது. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அம்மலைநிலத்தில் வெந்நீரூற்றுகள் பீறிட்டெழுகின்றன. பைசன் எனப்படும் காட்டெருதுகளும் எல்க் மான்களும் ஓநாய்களும் வாழ்கின்றன. 1963இல் அங்கே பனியூர்திகள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டன. 1990களில் குளிர்கால நாளொன்றுக்குச் சராசரியாக எழுநூறுக்கும் மேற்பட்டவை நுழைந்தன. அவற்றில் பெரும்பாலானவை இருவீச்சு எந்திரம் உடையவை. எரிபொருளில் ஏறக்குறைய கால் பங்கை எரிக்காமலே புகையோடு வெளியே தள்ளுவது அவ்வகை எந்திரத்தின் இயல்பு. மேற்கு நுழைவாயிலில் நீலப்புகை தேங்கியது. சீட்டு வழங்கும் கூண்டுகளுக்குள் தூய காற்றைக் குழாய்வழியே செலுத்த வேண்டியதாயிற்று. பூங்காக் காவலர் சிலர் மூச்சுக்கவசம் அணிந்து பணிபுரிந்தனர். வெந்நீரூற்றின் ஓசையைக் கேட்க வந்தவர் எந்திரத்தின் ஓசையைக் கேட்டுத் திரும்பினர்.

2000ஆம் ஆண்டின் இறுதியில், பனியூர்திகளைப் படிப்படியாக அறவே நீக்குவதென்று முடிவாயிற்று. எதிர்ப்பு உடனே எழுந்தது. பூங்காவின் வாயிலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்னும் சிற்றூரின் குளிர்கால வருவாய் பனியூர்திப் பயணிகளையே சார்ந்திருந்தது. விடுதி நடத்துவோரும் ஊர்தி வாடகைக்கு விடுவோரும் பழுது பார்ப்போரும் தங்கள் வாழ்வைப் பற்றிக் கேட்டனர். அக்கேள்வியை எள்ளி ஒதுக்குவதற்கில்லை.

அரசு மாறியது, முடிவும் மாறியது. நாளொன்றுக்கு 950 ஊர்திகள் என்று 2003இல் புதிய விதி வந்தது. வாஷிங்டனில் இருந்த நீதிமன்றம் அதைத் தள்ளியது. வயோமிங் மாநிலத்தில் இருந்த மற்றொரு நீதிமன்றம் பழைய தடையையும் தள்ளியது. பின்னர் 720 என்றும், 540 என்றும், 318 என்றும் எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள், ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் இவ்வாண்டின் விதி யாதெனத் தெரியாமல் ஊரார் காத்திருந்தனர். ஒரு தரப்பு முழுத்தடையைக் கேட்டது. மறுதரப்பு முழு உரிமையைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே எண்ணிக்கை மட்டும் ஏலப்பொருளைப் போல ஏறி இறங்கியது.

2013இல் வந்த விதி, கேள்வியையே மாற்றிக்கொண்டது. எத்தனை ஊர்திகள் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை முறை அமைதி குலைகிறது என்று அது எண்ணியது. வழிகாட்டி ஒருவரின் பின்னே ஒன்றுசேர்ந்து செல்லும் பனியூர்திக் குழு ஒரு கடப்பு. பலர் அமர்ந்து செல்லும் பனிப்பேருந்து ஒன்றும் ஒரு கடப்பு. பத்து ஊர்திகள் தனித்தனியே பத்து முறை கடந்தால் விலங்கு பத்து முறை அஞ்சுகிறது. பத்தும் ஒன்றாகக் கடந்தால் ஒருமுறை அஞ்சி மீண்டும் மேயத் தொடங்குகிறது. பூங்காவில் ஆண்டுக்கணக்காக நடந்த கண்காணிப்பு இவ்வணுகுமுறைக்குத் துணைநின்றது. நாளொன்றுக்கு 110 கடப்புகள் என்று எல்லை வகுக்கப்பட்டது. ஒரு குழுவில் பத்து ஊர்திகளுக்கு மேல் கூடாது; பருவம் முழுவதும் சேர்ந்த சராசரி ஏழைத் தாண்டக் கூடாது. புகைக்கும் இரைச்சலுக்கும் அளவு குறிக்கப்பட்டது. இரைச்சல் 67 டெசிபலுக்குள் அடங்க வேண்டும். கோடையில் கார்கள் செல்லும் அதே சாலைகளின் மேல் படிந்த பனியில் மட்டுமே ஓட்டலாம், விலகிச் செல்லலாகாது. தனியார் குழுக்களுக்கும் இடம் தரப்பட்டது: நான்கு வாயில்களிலும் வாயிலுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஐந்து ஊர்திகள், தெரிவு குலுக்கல் முறையில். செல்வோர் முன்னதாகவே பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இவ்விதி எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. ஆனால் நீண்ட வழக்குகளுக்குப் பின் நிலைத்து நின்றது. நிலைத்ததன் காரணம் எளிது. விருப்பு வெறுப்பின்மேல் கட்டிய விதியை அடுத்து வரும் அரசு மாற்றிவிடும். அளந்து கண்ட தீங்கின்மேல் கட்டிய விதியை மாற்ற வேண்டுமாயின், மாற்ற விரும்புவோரும் அளந்து காட்டியாக வேண்டும்.

முடிவெடுப்பவர் யார்?

அளவு இன்னதெனத் தெரிந்த பின்னும், அதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. தலைநகரில் இருப்போருக்கா, அந்நிலத்தில் வாழ்வோருக்கா?

நார்வே இக்கேள்விக்குத் தந்த விடை சிந்திக்கத் தக்கது. 1977ஆம் ஆண்டின் சட்டப்படி அந்நாட்டின் திறந்த வெளிகளில் எந்திர ஊர்தி ஓட்டுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. மருத்துவ உதவி, மீட்புப்பணி, உழவு, பனிமான் மேய்ச்சல் போன்ற தேவைகளுக்கு விலக்கு உண்டு. பொழுதுபோக்குக்கான தடங்கள் வடகோடிப் பகுதிகளில் மட்டுமே இருந்தன. பிற ஊர்களும் அவ்வுரிமையைக் கேட்டன. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, தத்தம் எல்லைக்குள் பனியூர்தித் தடங்களை வகுக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டது.

அவ்வதிகாரம் கட்டற்றதன்று. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளின் வழியே தடம் செல்லலாகாது. பனிமான் மேய்ச்சலுக்குப் பெருங்கேடு விளையலாகாது. நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். இரைச்சல், இயற்கை வளம், நடந்தும் சறுக்கியும் செல்வோரின் அமைதி ஆகியவற்றை மன்றம் முன்கூட்டியே ஆராய வேண்டும். விலங்குகள் ஈனும் காலமாகிய மே, ஜூன் மாதங்களில் தடங்கள் மூடப்பட வேண்டும். வெளிவேலியை நாடு இட்டது. வேலிக்குள் பாதையை ஊர் இட்டது. அண்டை நாடான சுவீடனோ, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால், பனி மூடாத நிலத்தில் பொழுதுபோக்குக்காக ஓட்டுவதைத் தடுத்தது. பனி மூடிய நிலத்தில் பெரிதும் இசைவளித்து, இளங்காடும் விளைநிலமும் கெடாமல் காத்தது. ஒரே மலைத்தொடரின் இருபுறமும் இருவேறு விதிகள் நிலவுவது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை என்பதை உணர்த்துகிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வேறொரு முறை வழங்குகிறது. அங்குள்ள பனியூர்தித் தடங்களில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் ஊடே செல்கிறது. உரிமையாளர்கள் விரும்பி வழிவிடுகின்றனர். 1967இல் தொடங்கப்பட்ட மாநில அமைப்பின் கீழ் உள்ளூர் மன்றங்கள் தடங்களைச் சீராக்கிப் பேணுகின்றன. ஒருவர் தடம் விலகித் தோட்டத்துக்குள் ஓட்டினாலும், நள்ளிரவில் இரைச்சலோடு சென்றாலும், உரிமையாளர் தம் வேலியை அடைத்துவிடலாம். அவ்வொரு வேலி அடைந்தால் அத்தடம் முழுதும் துண்டாகும். அதனால் ஓட்டுபவர்களே ஒருவரை ஒருவர் கண்காணிக்கின்றனர். காவலர் இல்லாத காட்டில் விதியைக் காப்பது இத்தகைய பொறுப்புணர்வுதான்.

உள்ளூராரிடம் மட்டும் முடிவை விட்டுவிட்டால் போதும் என்பாரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சுற்றுலா வருவாய்க்காக ஊரும் ஊரும் போட்டியிடத் தொடங்கினால், ஓர் ஊர் தளர்த்திய விதியை அடுத்த ஊரும் தளர்த்தும். இடம்பெயரும் பனிமான் கூட்டத்துக்கு ஊரெல்லை தெரியாது. மாறாக, தொலைவிலுள்ள தலைநகரே எல்லாவற்றையும் முடிவுசெய்தால், பனியில் சிக்கிய நோயாளியின் நிலையும் மேய்ப்பரின் தேவையும் அதன் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். ஆதலின் மீறக் கூடாத எல்லையைப் பெரிய சமுதாயமும், அந்த எல்லைக்குள் நடைமுறையை உள்ளூர்ச் சமுதாயமும் வகுப்பதே முறையாகும்.

விதியும் விடுதலையும்

விதி என்பது விடுதலைக்குப் பகை என்று கருதுவது இளமையின் இயல்பு. பனிவெளியில் விரைந்து செல்வதன் மகிழ்ச்சி பொய்யன்று. முதுமையாலும் உடற்குறையாலும் நடக்க இயலாதவர்க்குக் காட்டின் அழகைக் காட்டுவதும் அவ்வூர்தியே. அவ்வுரிமை மதிக்கத் தக்கது. அதே வெளியில் ஓசையற்ற காலைப் பொழுதை நாடி வந்தவரின் உரிமையும் மதிக்கத் தக்கது. இவ்விரண்டில் ஒரு வேறுபாடு உண்டு. நடந்து செல்பவர் ஊர்தியில் செல்பவரின் மகிழ்ச்சியைக் குலைப்பதில்லை. ஊர்தியில் செல்பவர் விரும்பாமலே நடந்து செல்பவரின் அமைதியைக் குலைத்துவிடுகிறார். பிறர் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஆற்றல் எவரிடம் இருக்கிறதோ, அளவை ஏற்கும் கடமையும் முதலில் அவரையே சாரும். விலங்குகள் மன்றத்துக்கு வந்து முறையிட முடியாது என்பதால், அவற்றின் பொருட்டு அளந்து பேசும் கடமை மனிதருக்கே உரியது.

நல்ல விதிக்கு நான்கு பண்புகள் வேண்டும். தேவையையும் பொழுதுபோக்கையும் அது பிரித்தறிய வேண்டும். தீங்கை அளந்து எல்லை குறிக்க வேண்டும். அந்நிலத்தில் வாழ்வோரின் குரலைக் கேட்க வேண்டும். புதிய சான்று கிடைக்கும்போது திருந்தவும் வேண்டும். இப்பண்புகள் இல்லாத தடை நீடிப்பதில்லை. இவை இல்லாத தாராளமும் நீடிப்பதில்லை.

பனியே விழாத நாடுகளிலும் சாலை வேண்டாத ஊர்திகள் பெருகி வருகின்றன. வானில் பறக்கும் ஆளில்லாச் சிற்றூர்திகளும், கடற்கரை மணலிலும் மலைச்சரிவிலும் ஏறும் ஊர்திகளும் அவற்றுள் அடங்கும். அவை செல்லும் வெளியில் தார்ச்சாலை இல்லை, வேலி இல்லை, வழிகாட்டிப் பலகையும் இல்லை. அங்கெல்லாம் எவ்வளவு, எப்போது, யாருடைய ஒப்புதலோடு என்ற கேள்விகளை ஊர்தி வருவதற்கு முன்பே எழுப்பும் சமுதாயம், யெல்லோஸ்டோன் வழக்காடிக் கழித்த ஆண்டுகளை வீணாக்காமல் காத்துக்கொள்ளும்.